அடுத்தவர் தண்டவாளத்தில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலிருந்து மேற்கே செல்லும் கலிஃபோர்னியா ஸெஃபிர் ரயிலில் நான் பயணச்சீட்டு எடுத்தது மொஃபாட் சுரங்கப்பாதைக்காகத்தான். ராக்கி மலைத்தொடரை 6.2 மைல் நீளத்துக்குக் குடைந்து 1928இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்திருந்தும் ஒருமுறைகூட அதன் வழியே போனதில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்பு ஒரு செய்தி வந்தது. அந்த வாரம் மலைப்பாதையில் பராமரிப்புப் பணி நடப்பதால் ரயில் வயோமிங் மாநிலத்தின் வழியாகத் திருப்பிவிடப்படும். டென்வருக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் இடையே எந்த ஊரிலும் பயணிகளை ஏற்றாது, இறக்காது. பயணத்தைத் தள்ளிப்போட்டால் என்ன என்று மனைவி கேட்டார். மொஃபாட் சுரங்கம் எங்கும் போய்விடாது, ஆனால் வயோமிங் வழியாக ஒரு பயணிகள் ரயில் மறுபடி எப்போது ஓடும் என்று எவராலும் சொல்ல முடியாது என்று நான் பதில் சொன்னேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் உடன் வந்தார்.

ரயில் பித்து பிடித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் மகிழ்ச்சி இது. வயோமிங்கின் தென்பகுதியைக் குறுக்காகக் கடக்கும் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் இருப்புப்பாதை, 1869இல் முடிந்த முதல் கண்டங்கடந்த ரயில்பாதையின் ஒரு பகுதி. இன்று அதில் சரக்கு ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அட்டவணைப்படி ஓடும் பயணிகள் ரயில் ஒன்றுகூடக் கிடையாது. ஸெஃபிரை இயக்கும் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் பயனியர் என்ற ரயில் 1997 மே மாதத்தில் நிறுத்தப்பட்டதோடு அந்தக் கதை முடிந்தது. அதன்பின் அங்கே ஜன்னலோரம் அமர்ந்து போக விரும்பும் ஒருவருக்கு இருக்கும் ஒரே வழி, கொலராடோவில் எங்காவது பாதை அடைபட வேண்டும் என்று காத்திருப்பதுதான்.

டென்வரில் ரயில் கிளம்புவதற்கு முன் எஞ்சினில் கூடுதலாக ஆட்கள் ஏறுவதை நடைமேடையிலிருந்து பார்த்தேன். அவர்களுக்கு அமெரிக்க ரயில்வேயில் பைலட் என்று பெயர். வழக்கமான ஓட்டுநர் எவ்வளவு திறமை மிக்கவராக இருந்தாலும், தான் படித்துத் தேர்ந்த பாதையில் மட்டுமே ரயிலை ஓட்டலாம். மேடு எங்கே தொடங்குகிறது, வளைவில் எவ்வளவு வேகம், எந்த சிக்னல் எந்த மறைவுக்குப் பின்னால் நிற்கிறது என்பதெல்லாம் கைரேகை போலத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்நியப் பாதையில் சக்கரம் உருளக்கூடாது. என் தந்தை விழுப்புரம் சந்திப்பில் பணியாற்றியவர் என்பதால் இந்த விதி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. கார்டு லைனில் ஏதாவது தடங்கல் என்றால் திருச்சி வண்டியை மாயவரம், தஞ்சாவூர் வழியாக மெயின் லைனில் அனுப்புவார்கள். அப்போது அந்தப் பாதையில் எல்.ஆர். என்னும் பாதைப் பயிற்சி முடித்த டிரைவர் யார் இருக்கிறார் என்று தேடும் தொலைபேசி உரையாடல்களைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்கே இரண்டு பாதைகளும் ஒரே ரயில்வேயுடையவை. கண்ட்ரோலில் ஒருவர் முடிவெடுத்தால் போதும். அமெரிக்காவில் நெடுங்காலமாக மாற்றுப்பாதை என்பது போட்டி நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. கடையில் தீப்பிடித்தவர் எதிர்க்கடைக்காரரின் திண்ணையில் வியாபாரம் நடத்திக்கொள்ள இடம் கேட்பது போன்றது அது. இடம் கிடைத்தது என்பதும், அதற்கு முறையான விதிகள் இருந்தன என்பதும்தான் என்னை வியக்க வைக்கின்றன.

கலிஃபோர்னியா ஸெஃபிர் என்ற பெயரே கூட்டுறவில் பிறந்தது. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை ஒரே நிறுவனத்தின் தண்டவாளத்தில் செல்லும் பேறு சாண்டா ஃபே ரயில்வேக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்கள் கைகோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1949 மார்ச் 20 அன்று தொடங்கிய மூல ஸெஃபிரை சிகாகோவிலிருந்து டென்வர் வரை பர்லிங்டன் நிறுவனமும், அங்கிருந்து சால்ட் லேக் சிட்டி வரை ரியோ கிராண்டேயும், அதற்கு மேல் ஓக்லண்ட் வரை வெஸ்டர்ன் பசிபிக்கும் இயக்கின. பளபளக்கும் எஃகுப் பெட்டிகளை மூவரும் பங்கிட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு ரயிலிலும் கண்ணாடிக் கூரை போட்ட ஐந்து பெட்டிகள் இருந்தன. ராக்கி மலையும் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பகல் வெளிச்சத்தில் வரும்படி அட்டவணை வகுத்தார்கள். வேகத்தில் போட்டியாளர்களை வெல்ல முடியாது என்று தெரிந்து, மெதுவாகப் போவதையே விற்பனைப் பொருளாக்கிய அந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். பயணி மூன்று நிறுவனங்களின் நிலத்தைக் கடந்துபோனார். எஞ்சினும் பணியாளர்களும் மாறினார்கள். அவர் மட்டும் இருக்கையைவிட்டு எழ வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகிறவர் சிகாகோவில் இறங்கி, பெட்டி படுக்கையோடு இன்னொரு நிலையத்துக்குப் போய் வேறு ரயில் ஏற வேண்டியிருந்தது. செசபீக் அண்டு ஒஹாயோ ரயில்வேயின் தலைவர் ராபர்ட் யங், பன்றிகூட ரயில் மாறாமல் நாட்டைக் கடக்கலாம், மனிதர்களால் முடியாது என்ற பொருளில் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து எல்லா நிறுவனங்களையும் சீண்டினார். அது வேலை செய்தது. 1946இல் இருந்து சில தூங்கும் வசதிப் பெட்டிகள் சிகாகோவில் ஒரு ரயிலிலிருந்து கழற்றப்பட்டு இன்னொன்றில் கோக்கப்பட்டன. ஸெஃபிரில் ஓடிய பெட்டிகளுள் ஒன்று பென்சில்வேனியா ரயில்வேக்குச் சொந்தமானதாக இருந்ததற்கு இதுவே காரணம். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த ஏற்பாடு நின்றுபோனது.

எங்கள் ரயில் வயோமிங்குக்குள் நுழைந்து ஷெர்மன் மேட்டில் ஏறத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு மேல் உயரும் இந்த மேட்டை மலை என்று நம்புவது கடினம்; செங்குத்தான எதுவும் கண்ணில் படுவதில்லை, வானம் மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வருகிறது. லாரமியைத் தாண்டினோம். ராலின்ஸைத் தாண்டியதும் வரும் பெரும் வடிநிலத்தில் விழும் மழைநீர் அட்லாண்டிக்குக்கும் போவதில்லை, பசிபிக்குக்கும் போவதில்லை. விழுந்த இடத்திலேயே வற்றிப்போகிறது. மான் போன்ற பிராங்ஹார்ன் கூட்டங்கள் தண்டவாள ஓரத்தில் நின்று எங்களைப் பார்த்தன. உலாப்பெட்டியில் பாதிப் பேர் கொலராடோ மலைகள் கிடைக்கவில்லை என்ற ஏமாற்றத்தில் உறங்கிவிட்டார்கள். மீதிப் பேர் புகைப்படக் கருவியோடு ஜன்னலுக்கு ஜன்னல் தாவிக்கொண்டிருந்தார்கள். பாலங்களிலும் சாலைக் கடவுகளிலும் எங்களைப் படம் பிடிக்க வெளியே சிலர் காத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் மாற்றுப்பாதை என்று சொல்லிக்கொண்டு போன அந்த வழிதான் ஒரு காலத்தில் ஆம்ட்ராக்கின் சொந்த வழி. 1971 மே முதல் நாள் ஆம்ட்ராக் பிறந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் நட்டத்தில் ஓடிய பயணிகள் ரயில்களை அதனிடம் தள்ளிவிட்டு மூச்சுவிட்டன. சேர மறுத்த சிலரில் ரியோ கிராண்டேயும் ஒன்று. தன் ஒற்றைவழி மலைப்பாதையில் மற்றொருவருடைய ரயிலை அனுமதித்தால் சரக்குப் போக்குவரத்து சிக்கலாகும் என்று அது கருதியது. மூல ஸெஃபிர் 1970 மார்ச் மாதத்திலேயே நின்றிருந்தது. அதன் எச்சமாக ரியோ கிராண்டே ஸெஃபிர் என்ற பெயரில் ஒரு சிறு ரயிலைத் தன் எல்லைக்குள் தானே ஓட்டிக்கொண்டது. எனவே ஆம்ட்ராக்கின் மேற்கு நோக்கிய ரயில், சான் பிரான்சிஸ்கோ ஸெஃபிர் என்ற பெயருடன், வயோமிங் வழியே ஓடியது.

1983இல் ரியோ கிராண்டே மனம் மாறியது. ஏப்ரல் 24 அன்று தன் ரயிலை நிறுத்திவிட்டு மறுநாளிலிருந்து ஆம்ட்ராக்கைத் தன் பாதையில் விடுவதாக உடன்பாடு. அதற்குச் சில நாட்கள் முன்பு யூட்டாவின் திசில் என்னும் சிற்றூருக்கு அருகே மலைச்சரிவு ஒன்று மெதுவாக இறங்கி வந்து ஸ்பானிஷ் ஃபோர்க் ஆற்றை அடைத்தது. ஆறு ஏரியானது, ஊர் முழுகியது, நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் அதனுள் மறைந்தன. அமெரிக்கா அதுவரை கண்ட நிலச்சரிவுகளில் மிக அதிகப் பொருளிழப்பை ஏற்படுத்தியது அதுதான். ரியோ கிராண்டேயின் முதன்மைப் பாதை இரண்டாக அறுந்து கிடந்த அந்த வாரங்களில், அதன் சரக்கு ரயில்கள் ஓடியது யூனியன் பசிபிக்கின் வயோமிங் பாதையில். அதே யூனியன் பசிபிக்தான் நான்கு மாதங்களுக்கு முன்பு, 1982 டிசம்பரில், ரியோ கிராண்டேயின் பழைய கூட்டாளியான வெஸ்டர்ன் பசிபிக்கை விழுங்கியிருந்தது. அப்படிப்பட்டவரிடம் பாதை கேட்டுப் போவது ரியோ கிராண்டே அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனாலும் கேட்டார்கள், கிடைத்தது. மலையில் சுமார் 3,000 அடி நீளத்துக்குப் புதிய சுரங்கம் வெட்டி ஜூலையில் பாதையைத் திறந்தார்கள். ஆம்ட்ராக்கின் ரயில் ஜூலை 16 அன்று மொஃபாட் வழிக்கு மாறி, கலிஃபோர்னியா ஸெஃபிர் என்ற பழைய பெயரைச் சூட்டிக்கொண்டது.

போட்டியாளரின் பாதையைக் கேட்டுப் பெறுவது வெறும் நல்லெண்ணத்தில் நடந்த காரியமன்று. நிறுவனங்களுக்கிடையே பொதுவான ஒப்பந்த வடிவம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வெள்ளத்தின் நடுவிலும் விபத்தின் நடுவிலும் பேரம் பேச நேரம் இருக்காது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டவர்கள் அதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். திருப்பிவிடப்படும் ரயில் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் கட்டணம். பைலட்டைக் கொடுக்கும் நிறுவனத்துக்கு அந்தப் பைலட்டின் சம்பளம். பயணச்சீட்டு வருமானம் ரயிலின் சொந்தக்காரருக்கே. சேதம் ஏற்பட்டால் பொறுப்பு பெரும்பாலும் விருந்தாளியை, அதாவது திருப்பிவிடப்பட்ட ரயிலின் நிறுவனத்தைச் சேர்ந்தது. இந்தக் கடைசி விதி கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் நாளை இடம் மாறி வீட்டுக்காரரே விருந்தாளியாக வரக்கூடும் என்பதால் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பணத்தைவிட நுட்பமானவை இயக்க விதிகள். அந்தக் காலத்தில் அட்டவணையில் பெயர் இல்லாத ரயிலுக்கு அந்தப் பாதையில் எந்த உரிமையும் இருக்கவில்லை. அது தனி உத்தரவுத் தாள்களின் பேரில், ஒவ்வொரு அட்டவணை ரயிலுக்கும் ஒதுங்கி நின்று ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்கச் சில வேளைகளில் ஒரு தந்திரம் செய்தார்கள். வீட்டுக்காரரின் அட்டவணை ரயில் ஒன்றின் இரண்டாம் பிரிவாக விருந்தாளி ரயிலைப் பதிவுசெய்வார்கள். முதல் பிரிவின் எஞ்சினில் பகலில் பச்சைக் கொடிகளும் இரவில் பச்சை விளக்குகளும் கட்டப்பட்டிருக்கும். எனக்குப் பின்னால் இன்னொன்று வருகிறது, எனக்குக் கொடுத்த வழியை அதற்கும் கொடுங்கள் என்று அதற்குப் பொருள். போட்டி நிறுவனத்தின் ரயிலுக்கு, நம்முடைய ரயிலின் பெயரையும் உரிமையையும் ஓர் இரவுக்கு இரவல் கொடுப்பது. இந்த ஒரு வழக்கத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்துதான் மாற்றுப்பாதை ரயில்களின் மேல் எனக்கு மோகம் தொற்றியது.

மாலையில் எக்கோ, வீபர் பள்ளத்தாக்குகளின் சிவந்த பாறைகளுக்கிடையே இறங்கினோம். ஒமாஹாவிலிருந்து ஆயிரம் மைல் தொலைவைக் குறிக்கும் மரம் அங்கே நிற்கிறது. பழைய மரம் பட்டுப்போய் இப்போது இருப்பது அதன் வாரிசு. வழியில் நிலையங்களில் நிற்காததால் சால்ட் லேக் சிட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துசேர்ந்து, அட்டவணை நேரம் வரும்வரை நடைமேடையில் உலாவிக்கொண்டிருந்தோம். திருப்பிவிடப்பட்ட ரயில் முன்னதாகவே வந்ததை நம்ப முடியாமல் மனைவி கடிகாரத்தை இருமுறை பார்த்தார்.

நெவாடா இரவில் வந்தது. அங்கே உள்ள ஏற்பாடு மாற்றுப்பாதை வழக்கத்தின் உச்சம் என்பேன். ரயில்வே முதலாளி எட்வர்ட் ஹாரிமன் சதர்ன் பசிபிக் நிறுவனத்தையும் யூனியன் பசிபிக்கையும் தன் பிடியில் வைத்திருந்த காலத்தில், அந்தப் பிடியை உடைப்பதற்காகவே அவருடைய போட்டியாளர் ஜார்ஜ் கூல்ட் கட்டியது வெஸ்டர்ன் பசிபிக். 1909இல் தண்டவாளம் முழுமையடைந்தது. செலவு தாங்காமல் 1915இல் திவாலாகவும் செய்தது. ஹம்போல்ட் ஆற்றின் ஓரமாக இரு எதிரிகளின் ஒற்றைப் பாதைகளும் பல இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் ஓடின. ஒவ்வொருவரும் எதிர்வரும் ரயிலுக்காகத் தத்தம் பாதையில் காத்துக் கிடந்தார்கள். முதல் உலகப் போரில் அரசே ரயில்வேக்களை நிர்வகித்தபோது இந்த மடமை கண்ணில் பட்டது. 1924இல் இரு நிறுவனங்களும் தாமே உடன்பாடு செய்துகொண்டன: வெல்ஸ் அருகிலிருந்து வின்னமக்கா அருகு வரை சுமார் 180 மைலுக்கு, மேற்கே போகும் எல்லா ரயில்களும் சதர்ன் பசிபிக் பாதையிலும், கிழக்கே போகும் எல்லா ரயில்களும் வெஸ்டர்ன் பசிபிக் பாதையிலும் ஓடும். ஒரு கல்கூடப் புதிதாகப் போடாமல் இருவருக்கும் இரட்டைவழிப் பாதை கிடைத்தது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. எல்கோ ஊரில் மேற்கு ரயிலுக்கு ஒரு நடைமேடை, கிழக்கு ரயிலுக்குத் தள்ளி வேறொரு நடைமேடை இருப்பதன் காரணம் இதுதான்.

வின்னமக்காவில் விடிந்தது. அதற்கு மேற்கே பழைய ஸெஃபிரும் இன்றைய ஸெஃபிரும் பிரிகின்றன. மூல ரயில் வெஸ்டர்ன் பசிபிக்கின் பாதையில் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனது; சரிவு ஒரு விழுக்காட்டைத் தாண்டாத, சுமார் 5,000 அடி உயரத்திலேயே சியரா நெவாடாவைக் கடந்துவிடும் பாதை அது. இன்றைய ரயில் சதர்ன் பசிபிக்கின் டோனர் கணவாய் வழியாக 7,000 அடிக்கு ஏறுகிறது. ஃபெதர் ஆற்றில் பாறைகள் சரிந்த குளிர்காலங்களில் பழைய ஸெஃபிரை டோனர் வழியே அனுப்பினார்கள். அந்த வெள்ளிப் பெட்டிகள் பனி மூடாதிருக்கப் பாதைமேல் எதிரி கட்டிய பனிக் கொட்டகைகளுக்குள் நுழையும் பழைய படங்களை ரயில் அன்பர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது படம் எடுத்து வைக்கத்தக்க அபூர்வம். இன்று அந்தப் பெயர் தாங்கிய ரயில் தினந்தோறும் அங்கேதான் போகிறது. மொஃபாட் வழியில் போக வேண்டியது வயோமிங்கில் போனதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே ரயிலின் அன்றாட வழியே முன்னோரின் மாற்றுப்பாதை.

டோனர் பாதையும் எப்போதும் காப்பாற்றியதில்லை. 1952 ஜனவரி 13 அன்று சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ என்ற புகழ்பெற்ற ரயில் யூபா கேப் அருகே பனியில் புதைந்தது. 226 பேர் மூன்று நாட்கள் அதற்குள் சிக்கிக் கிடந்தார்கள். பனி அகற்றும் எஞ்சின்களே பனியில் சிக்கின. கடைசியில் அருகிலிருந்த நெடுஞ்சாலையைத் திறந்து அவர்களை மீட்டார்கள். ரயில் நிற்கும் முன் வேறு பாதைக்குத் திருப்பலாம். நின்றபின் எந்த ஒப்பந்தமும் உதவாது. கட்டுப்பாட்டாளரின் கையில் இருப்பது அந்தச் சில மணி நேரம் மட்டுமே. அந்த இடத்தைக் கடக்கும்போது வெயில் அடித்தது. கீழே சாலையில் கார்கள் விரைந்தன.

எதிரிகள் இருந்தவரை மாற்றுப்பாதைகளும் இருந்தன என்பது என் எண்ணம். சிகாகோவுக்கும் ஒமாஹாவுக்கும் இடையே ஒரு காலத்தில் ஆறு நிறுவனங்கள் தனித்தனியே பாதை வைத்திருந்தன. தேவைக்கு மிகுந்த வீண் செலவு என்று பொருளியல் அறிந்தவர்கள் சொன்னார்கள், அது உண்மையும்கூட. 1980இல் அந்த ஆறில் ஒன்றான ராக் ஐலண்ட் மூடப்பட்டது. 1988இல் ரியோ கிராண்டேயும் சதர்ன் பசிபிக்கும் ஒன்றாயின. 1996இல் அந்த இரண்டையும் யூனியன் பசிபிக் வாங்கியது. மறு ஆண்டே ரியோ கிராண்டேயின் மற்றொரு மலைப்பாதையான, 10,000 அடிக்கு மேல் ஏறும் டென்னசி கணவாயில் ரயில்கள் நின்றன. தண்டவாளம் துருப்பிடித்து இன்னும் கிடக்கிறது. மொஃபாட் அடைபட்டால் கொலராடோவுக்குள்ளேயே இருந்த வேறு வழி அதுதான். 1996 இணைப்புக்கு அனுமதி கொடுத்தபோது, போட்டி அழிந்துவிடக் கூடாது என்று மொஃபாட், ஃபெதர் ஆற்றுப் பாதைகளில் பர்லிங்டனின் வாரிசு நிறுவனத்தின் ரயில்களும் ஓட உரிமை தரவேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது. அண்டைவீட்டார் தாமாகச் செய்துவந்ததை இப்போது ஆணை போட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கலிஃபோர்னியாவில் இன்னொரு உதாரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கடற்கரை வழியாக வடக்கே போகும் கோஸ்ட் ஸ்டார்லைட்டின் பாதை அடைபடும்போது, அதை எப்போதாவது டெஹாச்சபி மலை வழியாக அனுப்புகிறார்கள். பாதை தன்னையே ஒரு வட்டமாகச் சுற்றித் தன்மேலேயே ஏறிப்போகும் புகழ்பெற்ற வளையம் அங்கே இருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் 1870களில் வெட்டியது. அன்றாடம் அந்த வழியில் பயணிகள் ரயில் கிடையாது. பேக்கர்ஸ்ஃபீல்டில் இறங்கிப் பேருந்தில்தான் லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டும். அதனால் திருப்பிவிடப்படும் செய்தி கசிந்ததும் அந்த ஸ்டார்லைட்டில் இடம் பிடிக்கப் போட்டி நடக்கிறது. ரயில் தன் வாலைத் தானே தாண்ட ஏறக்குறைய 4,000 அடி நீளம் வேண்டும். பத்துப் பெட்டிப் பயணிகள் ரயில் அதில் கால்பங்குகூட வராது. அந்தக் காட்சி சரக்கு ரயிலுக்கு மட்டுமே வாய்த்தது என்று தெரிந்தும் போகிறார்கள். நானும் போவேன்.

ரயிலின் கடைசி நிலையமான எமரிவில்லில் இறங்கியபோது கைக்குறிப்பில் கணக்குப் பார்த்தேன். டென்வரிலிருந்து யூட்டா வரை யூனியன் பசிபிக், பிறகு உப்பேரியின் தென்கரையில் வெஸ்டர்ன் பசிபிக், நெவாடாவிலிருந்து சதர்ன் பசிபிக். மூல ஸெஃபிரின் சொந்தப் பாதையாக இருந்தது அந்த உப்புப் பாலைவனத் துண்டு மட்டுமே, அதையும் தூக்கத்தில் கடந்திருந்தேன். ரியோ கிராண்டேயின் மலைப்பாதை எதுவும் பட்டியலில் இல்லை. மொஃபாட்டுக்காக அக்டோபரில் மறுபடி சீட்டு எடுத்திருக்கிறேன். இந்த முறை பாதை அடைபடக் கூடாது என்று மனைவி வேண்டிக்கொண்டிருக்கிறார்.